நீதிபதி சுப்பா ராவ்: ஒரு மாணவப் பார்வை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

பியூரெட்டும் பிப்பெட்டும் பிடிக்க வேண்டிய கை சட்டப் புத்தகத்தைப் பிடிப்பானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. மக்களின் உரிமையைக் காப்பதில் விஞ்சி நிற்பது பாராளுமன்றமா, நீதிமன்றமா என்பது தலைப்பு. பாராளுமன்றமே என்று வாதாடும் அணியில் என்னைச் சேர்த்தார்கள். பத்து நாட்கள் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எதிரணியினர் யாரைத் தூக்கிப் பிடிப்பார்கள் என்று தேடிய போது கிடைத்த பெயர்தான் சுப்பா ராவ். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மூன்று செய்திகள் கிடைத்தன. கோலக்நாத் வழக்கில் பாராளுமன்றத்தின் கையைக் கட்டிப் போட்டவர் அவர். நிலச் சீர்திருத்தங்களுக்குக் குறுக்கே நின்றவர் என்ற பெயர் பெற்றவர். தலைமை நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கி நேரே தேர்தலில் நின்றவர். மூன்றையும் மேடையில் முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. எங்கள் அணியே வென்றதாக நடுவரும் தீர்ப்பளித்தார்.

ஆனால் என் குறிப்புகளில் இரண்டு பக்கங்களை நான் மேடைக்கு எடுத்துச் செல்லவே இல்லை. அவை என் அணிக்கு ஆகாதவை. மறைத்தேன் என்று சொல்வதே சரி. ஆய்வுக்கூடத்தில் ஒத்து வராத அளவீட்டை அடித்துவிட்டு, ஒத்து வருவதை மட்டும் பதிவேட்டில் எழுதும் மாணவனை நம் ஆசிரியர்கள் மன்னிப்பதில்லை. அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோதாவரிக் கரையிலே

கோகா சுப்பா ராவ் 1902-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் கோதாவரி ஆற்றங்கரையிலுள்ள ராஜமகேந்திரவரத்தில் பிறந்தார். ஆந்திரப் பகுதி அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. தந்தையார் வழக்கறிஞர். ஆயினும் அவர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். சுப்பா ராவ் பட்டப் படிப்புப் படித்தது ராஜமகேந்திரவரம் அரசு கலைக் கல்லூரியில். நம்மைப் போலவே அவரும் ஓர் அரசு கலைக் கல்லூரி மாணவர் என்று படித்த போது எனக்கு ஓர் உறவு பிறந்தது போலிருந்தது. விளையாட்டிலும் நாட்டம் மிக்கவராம்.

பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று, தம் மாமனாரின் அலுவலகத்தில் தொழில் பழகினார். இடையில் சில மாதங்கள் குண்டூர் மாவட்டம் பாபட்லாவில் முன்சீபாகப் பணியாற்றினார். அதன் பின் மைத்துனர் பி.வி.ராஜமன்னாருடன் கூட்டாகச் சென்னையில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். இந்த ராஜமன்னார்தான் பின்னாளில் சென்னை உயர்நீதி மன்றத்தின் தலைமை நீதிபதியானவர்; 1969-இல் தமிழக அரசு அமைத்த மத்திய-மாநில உறவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1948-இல் சுப்பா ராவ் சென்னை உயர்நீதி மன்ற நீதிபதியானார். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. அடுத்த ஆண்டு குண்டூரில் புதிய உயர்நீதி மன்றத்தை நிறுவும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதன் தலைமை நீதிபதியாகவும் அவரே அமர்ந்தார். 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவான போது அம்மன்றம் ஐதராபாத்துக்குச் சென்றது. 1958 ஜனவரியில் உச்சநீதி மன்ற நீதிபதியாக அவர் தில்லி சென்றார். வாழ்க்கையின் வெளிப்புறம் இவ்வளவே. ஒரு நீதிபதியின் உண்மையான வரலாறு அவர் எழுதிய தீர்ப்புகளில்தான் இருக்கிறது.

சொல்லைப் படிப்பதா, பொருளைப் படிப்பதா?

அத்தீர்ப்புகளைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950-இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன் நீதிபதிகளின் முன் ஒரு கேள்வி எழுந்தது. சட்டத்தில் எழுதியிருக்கும் சொற்களை எழுத்தெண்ணிப் படிப்பதா, அல்லது அச்சொற்கள் எதற்காக எழுதப்பட்டனவோ அந்தக் கருத்தை நோக்கிப் படிப்பதா?

முதல் சோதனை சென்னை மாநிலத்திலிருந்தே சென்றது. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித உரிமையையும் பறிக்கலாகாது என்கிறது 21-ஆவது பிரிவு. சட்டமன்றம் ஏதோ ஒரு நடைமுறையை வகுத்துவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1950-இல் கூறிவிட்டனர். நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டார்.

அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கு, அதுவும் சென்னையிலிருந்தே. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் எழுத்தெண்ணிப் படித்ததன் விளைவே அது. தந்தை பெரியார் தலைமையில் தமிழகமே கொந்தளித்தது. பாராளுமன்றம் விரைந்து முதல் திருத்தத்தை நிறைவேற்றியது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் 15(4) பிரிவு அப்படித்தான் பிறந்தது. அதே திருத்தம் ஒன்பதாவது அட்டவணையையும் உண்டாக்கியது. அதில் சேர்க்கப்படும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அடிப்படை உரிமைக்கு முரண் என்று சொல்லி நீக்க முடியாது என்பதே அன்றைய ஏற்பாடு. முதலில் 13 சட்டங்கள் அதில் இடம் பெற்றன.

நீதிமன்றம் அடைத்த கதவைப் பாராளுமன்றம் திறந்தது. இதுவே என் பட்டிமன்றப் பேச்சின் முதுகெலும்பு. இன்றும் அது உண்மைதான். 15(4) இல்லாதிருந்தால் இந்த மலரைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் இந்த வளாகத்துக்குள் வந்திருப்போம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறைத்த பக்கம் ஒன்று: இரு குதிரைகள்

இனி, நான் மறைத்த பக்கங்களுக்கு வருகிறேன்.

மத்தியச் செயலகப் பணியில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 17½ விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஓர் ஆண்டில் தகுதியுள்ளவர் கிடைக்கவில்லையென்றால் அந்த இடங்களை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. அப்படி எடுத்துச் சென்றதால் ஓர் ஆண்டில் 45 பணியிடங்களில் 29 இடங்கள் அவர்களுக்குச் சென்றன. இதை எதிர்த்துத் தேவதாசன் என்பவர் வழக்குத் தொடுத்தார். 1963-இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்த விதி செல்லாது என்றனர். வாய்ப்புச் சமத்துவம் என்பதே பொதுவிதி, இடஒதுக்கீடு அதற்கு ஒரு விதிவிலக்கு, விதிவிலக்கு விதியை விழுங்கிவிடக் கூடாது என்பது அவர்களின் வாதம்.

தனியொருவராக மாறுபட்டார் சுப்பா ராவ். ஒரு குதிரைப் பந்தயத்தை அவர் உவமையாக எடுத்துக் கொண்டார். ஒன்று நல்ல தீனி தின்று பழக்கப்பட்ட பந்தயக் குதிரை. மற்றொன்று சாதாரணக் குதிரை. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே தூரம் ஓடவிட்டு, இதோ சமவாய்ப்பு என்று சொன்னால் அது சொல்லளவில் மட்டுமே சமவாய்ப்பு என்றார். ஆகவே இடஒதுக்கீட்டுக்கு இடந்தரும் 16(4) பிரிவு விதிவிலக்கு அன்று. சமத்துவம் என்ற அதே கொள்கையின் மற்றொரு முகமே அது என்று விளக்கினார்.

இதைப் படித்த அன்று நூலகத்தில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தாயார் இன்றும் கைநாட்டு வைப்பவர். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான். அவர் வேலை முடிந்து வரும் வரை இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நானும் அப்பாவும் காத்திருந்தோம். இடம் கிடைத்த பிறகு, சலுகையில் வந்தவர் என்ற சொல் என் காதில் விழாமல் இல்லை. சலுகை அன்று, சமத்துவத்தின் பகுதியே என்று எனக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவரைத்தான் நான் மேடையேறி ஏழைகளின் எதிரி என்று பேசினேன்.

மறைத்த பக்கம் இரண்டு: இரவில் தட்டப்பட்ட கதவு

கரக் சிங் என்பவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சிக்கி, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பேரில் ஒரு குற்றச் சரித்திரப் பதிவேட்டைத் திறந்து வைத்தனர். அதன் பின் ஓயாத கண்காணிப்பு. போகுமிடம், வருமிடம், பார்க்கும் ஆள் அனைத்துக்கும் கணக்கு. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் உச்சநீதி மன்றத்துக்குச் சென்றார்.

1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரவில் வீடு புகுவது மட்டும் தவறு, ஏனைய கண்காணிப்பு செல்லும் என்றனர் பெரும்பான்மையோர். அந்தரங்கம் என்பது நம் அரசியல் சட்டம் உறுதி செய்த உரிமை அன்று என்றும் கூறினர். சுப்பா ராவும் அவரோடு நீதிபதி ஷாவும் மாறுபட்டனர். சங்கிலி பூட்டினால்தான் சிறை என்பதில்லை. நிழல் போல ஒருவன் தொடர்ந்து வரும் போது நடப்பவனுக்கு நடை சுதந்திரமாக இருக்காது. அந்தரங்கம் என்ற சொல் சட்டத்தில் இல்லாவிட்டாலும் தனிமனித உரிமை என்ற சொல்லுக்குள் அது அடங்கியே இருக்கிறது. இவ்வாறு விரிந்தது சுப்பா ராவின் வாதம். ஆகவே கண்காணிப்பு விதி முழுவதுமே செல்லாது என்றார்.

சட்டம் தெரியாத வயதிலேயே இந்த வழக்கை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருக் கோடியில் ஒருவர் இருந்தார். பழைய வழக்கு ஒன்றில் விடுதலையானவர். ஆனாலும் ஊர் அவரைக் கேடி என்றே அழைத்தது. பக்கத்து ஊர்களில் எங்கு எது காணாமல் போனாலும் அன்றிரவு அவர் வீட்டு வாசலில் டார்ச் வெளிச்சம் அடிக்கும். நாய்கள் குரைக்கும். எங்கள் வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக் கொள்வோம். அவருடைய மகள் என்னோடு படித்தாள். மறுநாள் வகுப்பில் பெஞ்சில் தலை வைத்துத் தூங்குவாள், அடியும் வாங்குவாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுடைய தூக்கத்துக்காக எந்தச் சட்டமன்றத்திலும் எவரும் கேள்வி எழுப்பப் போவதில்லை. கேடியின் பக்கம் பேசினால் ஒரு வாக்கும் விழாது. தில்லியில் ஒரு நீதிபதி அவளுக்காகவும் சேர்த்தே எழுதியிருந்தார் என்பது எனக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கல்விக்குப் பிறகே தெரிந்தது.

கோலக்நாத்

இனி மறுபக்கம். இதையும் மறைக்கக் கூடாது.

சுப்பா ராவ் தனிமனித உரிமையை எவ்வளவு உயர்வாக மதித்தாரோ அவ்வளவு உயர்வாகச் சொத்துரிமையையும் மதித்தார். வீட்டுவசதிக்காக நிலம் எடுக்கச் சென்னை அரசு 1961-இல் செய்த திருத்தச் சட்டத்தை வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964-இல் செல்லாது என்று தீர்ப்பளித்த ஆயத்தின் தீர்ப்பை எழுதியவர் அவரே. எடுக்கும் நிலத்துக்கு ஈடான இழப்பீடு தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே 1964-இல்தான், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எல்லை கட்டிய நம் மாநிலத்தின் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டமும் வேறொரு வழக்கில் உச்சநீதி மன்றத்தில் வீழ்ந்தது. பாராளுமன்றம் உடனே 17-ஆவது திருத்தத்தைக் கொண்டு வந்து, அச்சட்டம் உட்பட 44 சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. அந்தச் சட்டத்தின்படி எடுக்கப்பட்ட நிலத்தில்தான் பின்னாளில் என் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிப் புஞ்சை கிடைத்தது. எங்கள் ஊரில் அதைச் சீலிங் நிலம் என்பார்கள். பட்டாவை அவர் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாது. ஆயினும் ஆண்டுக்கொரு முறை எடுத்து வெயிலில் காட்டி மடித்து வைப்பார். அந்த நிலத்துக் கடலைக்காய் விற்ற பணத்தில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது.

பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் கோலக்நாத் குடும்பத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. 1953-ஆம் ஆண்டுப் பஞ்சாப் சட்டத்தின்படி பெரும்பகுதி மிகை நிலம் என்று அறிவிக்கப்பட்டது. அக்குடும்பம் அந்தச் சட்டத்தை மட்டுமன்றி, அதைக் காத்து நின்ற அரசியல் சட்டத் திருத்தங்களையே எதிர்த்து வழக்காடியது. 1966 ஜூனில் இந்தியாவின் ஒன்பதாவது தலைமை நீதிபதியாகியிருந்த சுப்பா ராவ் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயத்தை அமைத்தார். 1967 பிப்ரவரி 27-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அறுவர் ஒருபுறம், ஐவர் மறுபுறம்.

அடிப்படை உரிமைகளைப் பறிக்கவோ குறைக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது பெரும்பான்மை. உரிமைகளைக் குறைக்கும் சட்டம் செல்லாது என்கிறது 13-ஆவது பிரிவு. அரசியல் சட்டத் திருத்தமும் ஒரு சட்டமே, 368-ஆவது பிரிவு திருத்தும் நடைமுறையை மட்டுமே சொல்கிறது என்று சுப்பா ராவ் விளக்கினார். 1951-இலும் 1964-இலும் அதே நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகக் கூறியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்துவிட்டால் இன்று நிலத்தை எடுப்பவர் நாளை பேச்சுரிமையையும் எடுத்துவிடலாமே என்ற அச்சம்தான் அந்த மாற்றத்துக்கு அடிப்படை.

அப்படியானால் என் தாத்தாவின் பட்டா என்ன ஆவது? முதல், நான்காம், பதினேழாம் திருத்தங்கள் யாவும் செல்லாமற் போனால் நாடெங்கும் கைமாறிய நிலங்கள் திரும்ப வேண்டியிருக்கும். சுப்பா ராவ் இதை உணராதவர் அல்லர். அமெரிக்க நீதிமன்றங்களில் வழங்கிய ஒரு முறையை அவர் முதன்முதலாக இங்கே கொண்டு வந்தார். இத்தீர்ப்பு இனி வரும் காலத்துக்கு மட்டுமே செல்லும், நடந்து முடிந்த திருத்தங்கள் அப்படியே நிற்கும் என்றார். கோலக்நாத் குடும்பத்தின் மனு தள்ளுபடியாயிற்று. சட்ட வாதத்தில் அவர்கள் வென்றார்கள், நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை.

சட்டத்தைக் கண்டு சொல்வது நீதிபதியின் வேலையா, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று நாள் குறிப்பதும் அவர் வேலையா என்று அறிஞர்கள் அன்று கடுமையாகக் கேட்டனர். அது சட்டமியற்றும் வேலையே என்று பட்டிமன்றத்தில் நானும் சொன்னேன். ஆனால் தம் தீர்ப்பால் யாருடைய கூரை சரியும் என்று எண்ணிப் பார்த்த நீதிபதி என்றும் அதைக் கொள்ளலாம். இரண்டும் உண்மை என்றே இன்று நினைக்கிறேன்.

பதவி துறந்த பின்

தீர்ப்பு வந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. ஓய்வு பெற மூன்று மாதங்கள் இருக்கையில் 1967 ஏப்ரல் 11-ஆம் நாள் சுப்பா ராவ் பதவி விலகினார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். டாக்டர் ஜாகிர் உசேன் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார். சுப்பா ராவுக்குக் கிடைத்தது 3,63,971. அரசை எதிர்த்துத் தீர்ப்பெழுதிய கை, அரசின் எதிர்க்கட்சியினர் நீட்டிய வேட்புமனுவில் கையெழுத்திட்டது சரியா? சரியன்று என்பதே என் எண்ணம். அவர் நேர்மையை ஐயுறவில்லை. ஆயினும் நீதிபதியின் துணிவுக்கு மக்கள் தரும் மதிப்பு, அதனால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்ற நம்பிக்கையில் நிற்பது. அந்த நம்பிக்கையை அவர் ஓரளவு செலவழித்துவிட்டார்.

விலகும் தறுவாயில் அவர் அளித்த இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி, அதிகாரியின் விருப்பு வெறுப்புப்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாகாது என்றது சத்வந்த் சிங் வழக்கின் தீர்ப்பு. அதன் விளைவாக அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. முன்பு மாறுபட்டு நின்ற கொள்கை ஒன்று இம்முறை பெரும்பான்மையாயிற்று.

காலத்தின் தீர்ப்பு

1971-இல் பாராளுமன்றம் 24-ஆவது திருத்தத்தின் மூலம் கோலக்நாத் தீர்ப்பின் அடித்தளத்தை அகற்றியது. 1973 ஏப்ரல் 24-ஆம் நாள் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அத்தீர்ப்பையே மாற்றினர். எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று எழுவர் கூறினர். சுப்பா ராவின் மருந்தை அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட நோயை ஒப்புக் கொண்டார்கள்.

அந்த நோய் 1975 ஜூனில் வெளிப்பட்டது. நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். நெருக்கடிக் காலத்தில் காவலை எதிர்த்து நீதிமன்றம் வர எவருக்கும் உரிமையில்லை என்று 1976 ஏப்ரல் 28-ஆம் நாள் உச்சநீதி மன்றத்தின் ஐவரில் நால்வர் கூறினர். எச்.ஆர்.கன்னா மட்டும் மாறுபட்டார். எழுத்தை மட்டும் படிக்கும் முறை எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்கடுத்த மே மாதத்தில் சுப்பா ராவ் காலமானார். கதவுகள் அனைத்தும் அடைபட்டிருந்த காலத்தில் அவர் கண் மூடினார்.

பிறகு காலம் தன் தீர்ப்பைப் பகுதி பகுதியாக வழங்கியது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நடைமுறை என்பது நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும் என்று உச்சநீதி மன்றம் கூறியது. அதே ஆண்டு 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்கே சுப்பா ராவ் தோற்றார். இடஒதுக்கீடு விதிவிலக்கு அன்று என்ற அவருடைய கருத்து 1975-இல் தாமஸ் வழக்கிலும், 1992-இல் மண்டல் வழக்கிலும் ஏற்கப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். கரக் சிங் வழக்கில் அவர் எழுதிய சிறுபான்மைத் தீர்ப்பே சரியானது என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கூறப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் அந்த நெருக்கடி காலத் தீர்ப்பும் அதே நாளில், அதே தீர்ப்பால் மாற்றப்பட்டது.

முடிவாக

நீதிபதி அரசியல் சட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும்? இருபது வயது வேதியியல் மாணவரிடம் இதற்கு முழு விடை இராது. சுப்பா ராவின் வாழ்விலிருந்து நான் கற்றதை மட்டும் சொல்கிறேன்.

சொற்களை விரித்துப் பொருள் கொள்ளும் துணிவு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதே துணிவுதான் கரக் சிங்கின் கதவையும் காத்தது, கோலக்நாத்தின் 500 ஏக்கருக்கும் அரண் தேடியது. எனக்குப் பிடித்த தீர்ப்பு வரும் போது துணிவு என்றும், பிடிக்காதது வரும் போது அத்துமீறல் என்றும் சொல்வது நேர்மையாகாது. வேறு அளவுகோல் வேண்டும்.

நிலமற்றவர்கள் எண்ணிக்கையில் மிக்கவர்கள். அவர்களுக்கு வாக்கு இருந்தது, வாக்கின் வழியே சட்டம் வந்தது, சட்டத்தின் வழியே என் தாத்தாவுக்கு நிலம் வந்தது. அங்கே நீதிமன்றம் அடக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் கேடிப் பட்டியலில் இருப்பவருக்கு வாக்கின் வழியே எதுவும் வராது. அவருக்கு நீதிமன்றத்தை விட்டால் போக்கிடமில்லை. அங்கே நீதிபதி எழுத்துக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளக் கூடாது. நிலக்கிழாரும் எண்ணிக்கையில் சிலர்தாமே என்று எங்கள் அரசியல் அறிவியல் பேராசிரியர் என்னிடம் கேட்டார். உண்மைதான். ஆனால் அவர்களுக்குச் சட்டமன்றத்தில் குரலும் நீதிமன்றத்தில் வழக்கறிஞரும் எப்போதும் இருந்தனர். தலையை மட்டும் எண்ணாமல் குரலையும் எண்ண வேண்டும் என்பதே என் விடை. அது போதாதென்றால் திருத்திக் கொள்வேன்.

சென்ற விடுமுறையில் தாத்தாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நிலத்தை எடுக்கப் பார்த்தவரா, விட்டு வைத்தவரா என்று மட்டும் கேட்டார். இரண்டும்தான் தாத்தா என்றேன். அப்படியானால் இரண்டையும் எழுது என்றார்.

எழுதிவிட்டேன். பட்டிமன்ற மேடையில் பாதியைச் சொல்லிப் பெற்ற கைதட்டலுக்கு இது நான் செலுத்தும் கடன்.